இமிடசோல் சேர்த்த பிறகு பி.எச். பாருங்கள்
ஆய்வகக் கேள்வி – பதில்

ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தால் ஆன வால் பொருத்திய புரதத்தை நிக்கல் ரெசினில் (நிக்கல் ஏற்றிய சிறுமணிகளில்) பிரித்தெடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், இமிடசோல் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். முதலில் ஓர் அடிப்படை. ஹிஸ்டிடினின் பக்கச் சங்கிலியில் இருப்பது இதே இமிடசோல் வளையம்தான். நிக்கல் அயனியைச் சுற்றி ஆறு பிணைப்பு இடங்கள் உண்டு. ரெசினோடு இணைந்த என்.டி.ஏ. என்ற மூலக்கூறு அவற்றில் நான்கைப் பிடித்துக்கொள்ள, மீதி இரண்டில் புரதத்தின் ஹிஸ்டிடின் வால் வந்து அமர்கிறது. நாம் ஊற்றும் இமிடசோல் அந்த இரண்டு இடங்களுக்குப் போட்டியிடுகிறது. அதோடு அது ஒரு காரமும்கூட. கீழே வரும் சிக்கல்களில் பல, இந்த இரண்டாவது குணத்தை மறப்பதால் வருபவை.

கேள்வி: 20 மில்லிமோலார் டிரிஸ், 300 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பி.எச். 8.0 என ஒரு பெரிய பாட்டில் பஃபர் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) தயாராக இருக்கிறது. அதில் கொஞ்சம் எடுத்து, 250 மில்லிமோலார் அளவுக்கு இமிடசோலைப் போட்டுக் கரைத்து, புரதத்தை ரெசினிலிருந்து இறக்கும் எலூஷன் பஃபராகப் பயன்படுத்துகிறேன். மறுபடி பி.எச். பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் பாட்டிலில் இருப்பது 20 மில்லிமோலார் டிரிஸ். அதில் நீங்கள் போடுவது அதைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகமான இன்னொரு காரம். இமிடசோலின் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை ஏற்றிருக்கும் பி.எச்.) 25 டிகிரியில் ஏறத்தாழ 7.0. அமிலம் சேர்க்காத வெறும் இமிடசோல் கரைசலின் பி.எச். 10க்குப் பக்கத்தில் இருக்கும். நீங்கள் சொன்ன கலவையைக் கணக்குப் போட்டால் 8.0 என்பது 8.6 ஆகிவிடும். 50 மில்லிமோலார் பாஸ்பேட், பி.எச். 7.4 என்று வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அங்கே 250 மில்லிமோலார் இமிடசோல் போட்டதும் 8.4ஐத் தொட்டுவிடும், அதாவது ஒரு முழு அலகு ஏறும். உங்கள் புரதத்தின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி (அதன் நிகர மின்னூட்டம் பூச்சியமாகும் பி.எச்.) அந்தப் பக்கத்தில் இருந்தால், ரெசினிலிருந்து இறங்கும்போதே அது வீழ்படியத் தொடங்கும். பழி மட்டும் புரதத்தின் மேல் விழும்.

ஒவ்வொரு முறையும் தூளை நிறுத்துக் கொட்டுவதைவிட, பி.எச். சரிசெய்த 2 மோலார் இருப்புக் கரைசல் ஒன்றைச் செய்து வைப்பது நல்லது. 500 மில்லிலிட்டருக்கு 68.08 கிராம் இமிடசோல். மூலக்கூறு எடையே 68.08 என்பதால் கணக்கு மறக்காது. பீக்கரில் 350 மில்லிலிட்டர் நீர் எடுத்து, காந்தக் கலக்கியில் சுழலவிட்டு, தூளைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். முழுதும் கரைந்த பிறகு, புகைப்போக்கி அறைக்குள் வைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பி.எச். 8.0க்கு இறக்க ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிலிட்டர் பிடிக்கும். 7.4 வேண்டுமென்றால் அதைப்போல் மூன்று மடங்கு போகும், ஏனென்றால் பி.கே.ஏ.யை நெருங்க நெருங்க இமிடசோல் தானே பஃபராகி அமிலத்தை விழுங்கும். நீர்த்த அமிலத்தை எடுத்தால் பி.எச். இறங்குவதற்குள் 500 மில்லிலிட்டரைத் தாண்டிவிடக்கூடும். அமிலம் விழும்போது கரைசல் சூடாகும். அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு மறுபடி பாருங்கள், கடைசியில் 500 மில்லிலிட்டருக்கு நிரப்புங்கள்.

இந்த இருப்பிலிருந்து ஒரு லிட்டர் பஃபருக்கு 10 மில்லிமோலார் வேண்டுமென்றால் 5 மில்லிலிட்டர், 20க்கு 10, 250க்கு 125, 500க்கு 250. கடைசி இரண்டும் பெரிய அளவு. ஆகவே டிரிஸையும் உப்பையும் இறுதிக் கொள்ளளவுக்குக் கணக்கிட்டுப் போட்டு, அதன் பிறகு நீரால் நிரப்புங்கள். ஏற்கெனவே தயாரான பஃபரில் 250 மில்லிலிட்டர் இருப்பைக் கொட்டினால் உப்பும் டிரிஸும் நீர்த்துப்போகும். இருப்புக் கரைசல் சரிசெய்ததுதான் என்றாலும், எல்லாம் சேர்ந்த பிறகு மீட்டரை ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

வெப்பநிலையையும் மறக்கக் கூடாது. 25 டிகிரியில் சரிசெய்த இமிடசோலை 4 டிகிரி குளிரறைக்குக் கொண்டுபோனால் பி.எச். சுமார் 0.4 ஏறும், டிரிஸ் 0.6 ஏறும். பாஸ்பேட் அசையாது என்றே வைத்துக்கொள்ளலாம். எந்த வெப்பநிலையில் ரெசின் ஓடப்போகிறதோ, அங்கேயே பஃபரையும் மீட்டரையும் வைத்துச் சரிசெய்வதே முறை.

கேள்வி: நான் வாங்கியதில் அமிலமே சேர்க்க வேண்டியிருக்கவில்லை. கரைத்ததும் பி.எச். 5க்குக் கீழே காட்டுகிறது. மருந்து கெட்டுவிட்டதா?

கெடவில்லை. நீங்கள் வாங்கியது இமிடசோல் ஹைட்ரோகுளோரைடாக இருக்கும், பாட்டிலின் மேல் பாருங்கள். அதன் மூலக்கூறு எடை 104.54. அதை 68.08 என்று எண்ணி நிறுத்திருந்தால், 500 மில்லிமோலார் என்று எழுதியது உண்மையில் 326 மில்லிமோலார்தான். சோடியம் ஹைட்ராக்சைடு போட்டுப் பி.எச்.சை ஏற்றிப் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் கூடவே அதிக உப்பும் சேர்கிறது. அடுத்த படி அயனிப் பரிமாற்ற ரெசின் என்றால் அந்த உப்பு இடைஞ்சல். அடுத்த முறை உப்பு வடிவமில்லாத இமிடசோலையே வாங்குங்கள்.

கேள்வி: வாஷ் பஃபரில் 20 மில்லிமோலார் இமிடசோல் என்று எங்கள் ஆய்வகத்தில் ஒட்டிவைத்திருக்கிறது. அப்படியே செய்கிறேன். ஆனாலும், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் எனது புரதத்தோடு நான்கைந்து பட்டைகள் வருகின்றன. 50 ஆக்கலாமா?

ஆக்கலாமா கூடாதா என்பதை உங்கள் புரதம்தான் சொல்ல வேண்டும். 10ல் பிணைத்து, 20ல் கழுவி, 250ல் இறக்கு என்பது தொடங்குவதற்கான எண்கள் மட்டுமே. 1975ல் பொராத் குழுவினர் உலோக அயனிகளைக் கொண்டு புரதம் பிரிக்கும் முறையை வெளியிட்டார்கள். 1987ல் ஹோகுலி குழுவினர் என்.டி.ஏ.வைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த இந்த எண்களைச் சுவரில் ஒட்டியதோடு விட்டுவிடக் கூடாது. ஆறு ஹிஸ்டிடின் வாலும் பத்து ஹிஸ்டிடின் வாலும் ஒரே பலத்தோடு பிடிப்பதில்லை. வால் முழுதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதமும், பாதி உள்ளே மடிந்த புரதமும் ஒன்றல்ல.

ஒரே ஒரு நாள் ஒதுக்கி இதைச் செய்துபாருங்கள். ஒரு மில்லிலிட்டர் ரெசினை ஈர்ப்பு விசையில் ஓடும் சிறு குழாயில் நிரப்பி, தெளிந்த லைசேட்டை (செல்களை உடைத்து எடுத்த சாற்றை) ஏற்றுங்கள். பிறகு 10, 20, 30, 40, 60, 80, 100, 150, 250, 500 மில்லிமோலார் என்று ஏறுவரிசையில், ஒவ்வொன்றிலும் 3 மில்லிலிட்டர் விட்டுத் தனித்தனியாகப் பிடியுங்கள். இதற்குப் பத்து பஃபர் தயாரிக்க வேண்டாம். இமிடசோல் இல்லாத ஒன்று, 500 மில்லிமோலார் உள்ள ஒன்று, இரண்டும் ஒரே பி.எச்., ஒரே உப்பு. அவ்வளவு போதும். 30 மில்லிமோலார் 100 மில்லிலிட்டர் வேண்டுமென்றால் 94 மில்லிலிட்டரில் 6 மில்லிலிட்டர் கலந்தால் ஆயிற்று. எல்லாவற்றையும் ஒரே ஜெல்லில் ஓட்டினால், எந்தப் பட்டை எங்கே கழன்றது என்று வரிசையாகத் தெரியும். உங்கள் புரதம் மெல்லிய கீற்றாகத் தலைகாட்டும் முதல் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முந்தைய கட்டம்தான் உங்கள் வாஷ். புரதம் முழுதும் இறங்கிமுடிந்த கட்டத்துக்குச் சற்று மேலே எலூஷன். 60 மில்லிமோலார்வரை அசையாமல் நிற்கும் புரதத்தை 20ல் கழுவிக்கொண்டிருப்பது, தூய்மையைக் கையில் வைத்துக்கொண்டு விட்டுக்கொடுப்பதாகும். அளவையும் கவனியுங்கள். ரெசின் கொள்ளளவைப்போல் பத்து முதல் இருபது மடங்கு வாஷ் ஓட வேண்டும்.

இமிடசோலைத் தொடுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். ரெசின் அதிகமாகப் போட்டுவிட்டீர்களா? புரதத்துக்குத் தேவையானதைவிட அதிக ரெசின் இருந்தால், மிஞ்சிய நிக்கல் இடங்களில் மற்றவை தாராளமாக உட்காரும். ரெசின் கொஞ்சம் பற்றாக்குறையாக இருக்கும்போது, வலுவாகப் பிடிக்கும் உங்கள் புரதம் பலவீனமாகப் பிடிப்பவற்றைத் தள்ளிவிடும். இமிடசோலை ஏற்றிப் பார்ப்பதைவிட ரெசினைப் பாதியாக்கிப் பார்ப்பதில் பலன் அதிகம் என்பது என் கருத்து.

எத்தனை கழுவினாலும் போகாத சில உண்டு. ஈ. கோலை பாக்டீரியாவின் ஸ்லைடி என்ற புரதத்தின் வால்முனையில் இயற்கையாகவே ஹிஸ்டிடின்கள் மண்டிக்கிடக்கின்றன. எடை 21 கிலோ டால்டன்தான் என்றாலும் ஜெல்லில் 25க்கு மேலே தெரியும். அதே பாக்டீரியாவின் ஆர்ன்ஏ (ArnA) என்ற புரதம் 74 பக்கத்தில் வரும், குளுக்கோசமின் சிந்தேஸ் 67 பக்கத்தில் வரும். இவற்றுக்காக வாஷை ஏற்றிக்கொண்டே போனால் உங்கள் புரதமும் சேர்ந்தே போய்விடும். வாலைப் புரோட்டியேஸால் (புரதத்தை வெட்டும் நொதியால்) வெட்டி, கலவையை மறுபடி நிக்கல் ரெசினில் விடுங்கள். வால் இழந்த உங்கள் புரதம் வழிந்து வெளியே வரும், ஸ்லைடி போன்றவை ரெசினிலேயே தங்கிவிடும். பட்டைகளுக்குப் பதில் நியூக்ளிக் அமிலம்தான் தொல்லை என்றால் 1 மோலார் உப்பில் ஒரு வாஷ் கொடுங்கள், அது இமிடசோல் தீர்க்கும் சிக்கல் அல்ல.

கேள்வி: புரதம் ரெசினில் ஒட்டவே இல்லை, லைசேட்டோடு வழிந்தோடிவிட்டது. பைண்டிங் பஃபரில் 10 மில்லிமோலார் இமிடசோல்தான் இருந்தது.

10 மில்லிமோலாரில் ஆறு ஹிஸ்டிடின் வால் நழுவுவது அபூர்வம். அதனால் வேறு இடங்களில் தேடுங்கள். முதலில் ரெசினின் நிறம். நிக்கல் ஏற்றிய என்.டி.ஏ. இளநீலம். வெளுத்திருந்தால் யாரோ நிக்கலை உருவிவிட்டார்கள். பெரும்பாலும் புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையில் இருந்த, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. தான் அது. இ.டி.டி.ஏ. இல்லாத மாத்திரை தனியாகக் கிடைக்கிறது. பழுப்பாகியிருந்தால் டி.டி.டி. என்ற ஒடுக்கும் பொருள் நிக்கலை ஒடுக்கியிருக்கிறது. ஒடுக்கும் பொருள் அவசியம் என்றால் 5 முதல் 10 மில்லிமோலார் பீட்டா-மெர்கேப்டோ எத்தனால் போதும், அல்லது ஒரு மில்லிமோலார் டி.செப்.

நிறம் சரியாக இருந்தால், லைசேட்டின் பி.எச்.சைப் பாருங்கள், பஃபரின் பி.எச்.சை அல்ல. செல்லை உடைத்த பிறகு அது இறங்கியிருக்கலாம். 6க்குக் கீழே போனால் ஹிஸ்டிடின் புரோட்டானை ஏற்றுக்கொண்டு நிக்கலை விட்டுவிடும். அதுவும் சரியென்றால், கொஞ்சம் லைசேட்டை 8 மோலார் யூரியாவில் கலந்து புரதத்தின் மடிப்பை அவிழ்த்து, சிறிதளவு ரெசினோடு கலக்கிப் பாருங்கள். இப்போது ஒட்டினால் வால் புரதத்துக்குள் புதைந்துகிடக்கிறது என்று பொருள். வாலை மறுமுனைக்கு மாற்றியோ இடையில் ஓர் இணைப்புத் துண்டு சேர்த்தோ மறுபடி குளோன் செய்ய வேண்டியதுதான். யூரியாவிலும் ஒட்டாவிட்டால் வாலே இல்லை. குளோனின் வரிசையைப் படித்துப் பாருங்கள்.

வெளுத்த ரெசினைத் தூக்கி எறிய வேண்டாம். 50 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. விட்டு மிச்ச நிக்கலையும் எடுத்து, நீரால் நன்றாகக் கழுவி, 100 மில்லிமோலார் நிக்கல் சல்பேட்டை இரண்டு ரெசின் கொள்ளளவு விட்டு, மறுபடி நீரால் கழுவினால் திரும்ப நீலமாகும். நிக்கல் கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், தனிக் கழிவுப் பாட்டிலில் சேருங்கள்.

கேள்வி: புரதத்தைக் காண 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்தால், எலூஷன் ஏற ஏறக் கோடும் ஏறிக்கொண்டே போகிறது. பின்னங்களில் (தனித்தனியாகப் பிடித்த பகுதிகளில்) புரதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

சுத்தமான இமிடசோல் 280ல் ஏறக்குறைய ஒன்றும் உறிஞ்சாது. அதன் உறிஞ்சல் 230க்குக் கீழே. கோட்டை ஏற்றுவது அதோடு வரும் மாசுகள். தரம் குறைந்த பாட்டிலில் அது 500 மில்லிமோலாரில் பளிச்சென்று தெரியும். உங்கள் எலூஷன் பஃபரை மட்டும் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் ஊற்றி, நீரைப் பூச்சியமாக வைத்து 280ல் அளந்து பாருங்கள். 0.1க்குக் கீழே என்றால் நிம்மதி. 0.3ஐத் தாண்டினால் அந்தப் பாட்டிலை எலூஷனுக்கு எடுக்காதீர்கள், குறைந்த உறிஞ்சல் தரம் என்று தனியாகவே விற்கிறார்கள்.

செறிவை அளக்கும்போது பூச்சியத்துக்கு அதே எலூஷன் பஃபரையே வையுங்கள், நீரை அல்ல. இமிடசோலைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே போகும் சாய்வு முறையில் இறக்கியிருந்தால் ஒவ்வொரு பின்னத்திலும் இமிடசோல் வெவ்வேறு அளவு இருக்கும், ஆகவே நீக்கிய பிறகு அளப்பதே நம்பகமானது. 205 நானோமீட்டரில் அளக்கும் முறை இங்கே உதவாது. பி.சி.ஏ. முறை தாமிரத்தை நம்பியது. இமிடசோல் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். பிராட்ஃபோர்டு சாயம் இமிடசோலை நன்றாகவே தாங்கும். மாதிரியை நீர்த்தபின் அளந்தால் தொல்லை இல்லை.

கேள்வி: எலூஷன் பின்னம் தெளிவாகவே வருகிறது. குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிறது.

மூன்று காரணங்களை வரிசையாகச் சோதியுங்கள். முதலாவது, மேலே சொன்ன பி.எச். ஏற்றம். இரண்டாவது, அளவுக்கு மீறிய செறிவு. ஒரே அடியாக 500 மில்லிமோலார் விட்டால் புரதம் முழுதும் ஒரு மில்லிலிட்டருக்குள் குவிந்து இறங்கும். பின்னத்தைப் பிடிக்கும் குழாயில் முன்கூட்டியே ஒன்றிரண்டு மில்லிலிட்டர் இமிடசோல் இல்லாத பஃபரை ஊற்றி வைத்து, சொட்டுகள் அதில் விழும்படி பிடியுங்கள். 10 சதவீதம் கிளிசராலும் உதவும். மூன்றாவது, ரெசினிலிருந்து புரதத்தோடு கசிந்து வரும் நிக்கல். வெளியே தெரியும் ஹிஸ்டிடின் வால்கள் இரண்டை ஒரே நிக்கல் சேர்த்துப் பிடித்தால் புரதங்கள் கொத்துக்கொத்தாகும். பின்னத்தைப் பிடித்ததும் 0.5 முதல் 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. சேர்த்தால் இது நிற்கும். உங்கள் புரதமே உலோகத்தை நம்பியிருப்பது என்றால், அல்லது அடுத்து மறுபடி நிக்கல் ரெசினுக்குப் போகிறீர்கள் என்றால், இதைச் செய்யக் கூடாது.

கேள்வி: இமிடசோலை நீக்கியே ஆக வேண்டுமா?

ஜெல் மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். ஆனால் அந்த மாதிரியைக் கொதிக்கவைக்காதீர்கள். இமிடசோலோடு சூடாக்கினால் அமிலத்துக்கு நலிந்த பிணைப்புகள் உடைந்து, இல்லாத பட்டைகள் தோன்றலாம். 37 டிகிரியில் பத்து நிமிடம் போதும்.

செயல்பாட்டுச் சோதனை, படிகமாக்கல், நீண்டகாலச் சேமிப்பு என்றால் நீக்குங்கள். ஹீம் உள்ள புரதங்களில் இது இன்னும் அவசரம். இமிடசோல் நேரே ஹீமின் இரும்பில் போய் உட்கார்ந்து நிறமாலையையே மாற்றிவிடும். டயாலிசிஸ் கணக்கு எளிது. 3 மில்லிலிட்டர் மாதிரியை ஒன்றரை லிட்டரில் வைத்தால் 500 மடங்கு நீர்க்கும், 500 மில்லிமோலார் ஒன்றாகும். ஒருமுறை மாற்றி வைத்தால் இரண்டு மைக்ரோமோலார். அவசரமென்றால் ஜி-25 வகை உப்புநீக்கும் குழாய். 2.5 மில்லிலிட்டர் ஏற்றி, வழிவதை விட்டுவிட்டு, 3.5 மில்லிலிட்டர் பஃபரில் இறக்கும் அளவில் கிடைக்கிறது, சில நிமிட வேலை. 500 மில்லிமோலாரிலிருந்து ஒரேயடியாகப் பூச்சியத்துக்குப் போனால் நிலைகுலையும் புரதங்களும் உண்டு. அவற்றை 250, 100, 0 என்று படியிறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் உப்பை அப்படியே வைத்திருங்கள். பல சமயம் புரதத்துக்குத் தேவைப்பட்டது அந்த உப்புதான், இமிடசோல் அல்ல.

கேள்வி: கோபால்ட் ரெசினுக்கு மாறினால் இமிடசோல் அளவும் மாறுமா?

மாறும். கோபால்ட் கொஞ்சம் தளர்வாகப் பிடிக்கும், தேர்ந்தெடுத்தும் பிடிக்கும். வாஷ் 5 முதல் 10, எலூஷன் 150 மில்லிமோலாரில் தொடங்குங்கள். நிக்கலுக்கான 40 மில்லிமோலார் வாஷை அப்படியே ஊற்றினால் புரதமே போய்விடக்கூடும். விளைச்சல் குறையும், தூய்மை கூடும்.

கேள்வி: தயாரித்த இமிடசோல் பஃபரை எத்தனை நாள் வைக்கலாம்? கையாள்வதில் ஆபத்து உண்டா?

0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அடர்நிறப் பாட்டிலில் 4 டிகிரியில் வைத்தால் இருப்புக் கரைசல் மாதக்கணக்கில் நிற்கும். மஞ்சள் தட்டினாலோ 280 உறிஞ்சல் ஏறினாலோ கொட்டிவிடுங்கள். தூள் ஈரத்தை இழுக்கும். கட்டிபட்ட தூளை நிறுத்தால் கூடவே நீரையும் நிறுக்கிறீர்கள், எனவே பாட்டிலை இறுக மூடி உலர்பெட்டியில் வையுங்கள்.

ஆபத்து உண்டு, சாதாரண உப்பைப்போல் கையாளக் கூடாது. இமிடசோல் தோலையும் கண்ணையும் அரிக்கும். விழுங்கினால் தீங்கு. ஐரோப்பிய வகைப்பாட்டின்படி கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு விளைவிக்கும் பொருள் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தூளைப் புகைப்போக்கி அறைக்குள் நிறுங்கள். தராசைச் சுற்றிச் சிந்தியதை ஈரத்துணியால் துடையுங்கள், ஊதாதீர்கள். ஆய்வகத்தில் கர்ப்பிணி இருந்தால் தூள் நிறுக்கும் வேலையை வேறொருவர் செய்யட்டும். இருப்புக் கரைசல் தயாராக இருந்தால் அந்த வேலை மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்.